சிற்பத்தில் இல்லாத தகப்பன்

நில்லுங்கள். அந்த நூலை எடுத்துவிடுங்கள்.

உங்களைத்தான் அம்மா. மாந்தளிர் நிறப் புடவை கட்டிய உங்களைத்தான். இப்போது தலைப்பிலிருந்து ஒரு நூலைப் பிரித்து இந்தச் சாமியின் மடியில் போட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். கையையும் தட்டினீர்கள். பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று ஆளைக் கூப்பிடுவதுபோலத் தட்டினீர்கள். எதற்கு? செவிட்டுச் சாமி, தட்டினால்தான் கேட்கும் என்று உங்கள் மாமியார் சொன்னாரா? நினைத்தேன். மாமியார்கள் சொல்லாத அபத்தம் உண்டா? நானும் ஒரு மாமியார்தான். ஆனால் நான் ஆதாரத்தோடு பேசுகிறவள்.

அவர் செவிடர் அல்லர். அவர் சண்டிகேசுவரர். சிவன் சொத்தைக் காப்பவர். இந்தக் கோயிலிலிருந்து நான் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று வெறும் உள்ளங்கையைத் துடைத்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். அது காலப்போக்கில் தட்டலாயிற்று. தட்டல் கைதட்டலாயிற்று. பிறகு ஒரு புத்திசாலி, உடுத்திய துணிகூட என்னுடையதுதான் என்று காட்ட நூல் பிரித்துப் போட்டாள். அதைப் பார்த்து ஊரே போட்டது. ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்று நிரூபிக்கக் கட்டிய புடவையைப் பிய்க்கிறீர்கள். மாலைக்குள் இவரைப் பாருங்கள், பஞ்சு பிதுங்கிய தலையணை மாதிரி இருப்பார்.

உட்காருங்கள். உங்கள் கணவர் அர்ச்சனைச் சீட்டு வரிசையில்தானே நிற்கிறார்? கட்டம்போட்ட சட்டை. பார்த்தேன். அந்த வரிசை இப்போதைக்கு நகராது; சீட்டுக் கொடுப்பவன் காப்பி குடிக்கப் போயிருக்கிறான். இந்தப் படியில் உட்காருங்கள். எண்ணெய் இல்லாத இடமாகப் பார்த்து.

நான் மங்கையர்க்கரசி. டாக்டர் மங்கையர்க்கரசி. ஊசி போடும் டாக்டர் என்று நினைத்து முதுகுவலியைச் சொல்லத் தொடங்காதீர்கள். கல்லூரியில் கலை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். சிற்பம் என் துறை. ஒரு கையை மட்டும் காட்டுங்கள், தெய்வம் எதுவென்று சொல்லிவிடுவேன். விரல் மடங்கியிருக்கும் விதம் போதும். நான் பேசுவது மேடைப் பேச்சு போல இருக்கிறது என்கிறார்கள். வீட்டிலும் இப்படித்தான் பேசுவேன். என் கணவர் எதுவும் பேசாமலே இருந்தார், பேசாமலே போய்விட்டார். சாது.

மகளுக்காகக் காத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நடை திறந்ததிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பேத்தியும் வருகிறாள். நான் இதுவரை பார்த்ததில்லை. மூன்றரை வயதாம். பெயர் தன்ஷிகா. என்ன பொருள், எந்த மொழி என்று என்னைக் கேட்காதீர்கள். என் மகளுக்கு நான் வைத்த பெயர் இசைஞானி. இசைஞானி பெற்ற பிள்ளை தன்ஷிகா. இந்தப் பையில் ஒரு பட்டுப்பாவாடை இருக்கிறது. மூன்றரை வயதுக்கு எவ்வளவு உயரம் என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டால், ‘குழந்தையக் கூட்டிட்டு வாங்க மேடம், வச்சுப் பார்க்கலாம்’ என்கிறாள். கூட்டிக்கொண்டு வருவதற்குக் குழந்தை என்ன என் கைப்பையிலா இருக்கிறது? குத்துமதிப்பாக ஒன்றை எடுத்தேன்.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். தாய்க்கு மகள் நிபந்தனை போடும் காலம். ‘அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா. ஒரே ஒரு வார்த்தை. பேசினா, பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் நீ சாகுற வரைக்கும் பாக்க முடியாது.’ அவர் என்றால் அவள் கணவன். சரி என்று சொல்லிவிட்டேன். நாக்கை அடக்கத் தெரியாதவளா நான்? இத்தனை வருடம் துறைத்தலைவர்களோடு குப்பை கொட்டியவள்.

பதினொன்றாக இன்னும் நேரமிருக்கிறது. தலையை இப்படித் திருப்புங்கள். மேலே, கருவறைச் சுவரில் ஒரு சிற்பம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். இத்தனை தடவை வந்திருப்பீர்கள், ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருப்பீர்களா? சிவன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உமை. கீழே ஓர் இளைஞன் கைகூப்பிக் குனிந்திருக்கிறான். சிவன் அவன் தலையில் ஒரு மாலையைச் சுற்றுகிறார். அந்த விரல்களைப் பாருங்கள். குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தலை துவட்டிவிடுவதுபோல எவ்வளவு பொறுமை! இந்தச் சந்நிதியில் உட்கார்ந்திருப்பவரும் மேலே குனிந்திருக்கும் பையனும் ஒருவரே. அந்த மாலை அவனுக்கு எதற்காகக் கிடைத்தது தெரியுமா?

தகப்பன் காலை வெட்டியதற்காக.

முகத்தைச் சுளிக்காதீர்கள். கதையைக் கேளுங்கள். விசாரசருமன் என்று ஒரு பையன். மாடு மேய்க்கிறான். ஆற்றங்கரை மணலில் இலிங்கம் பிடித்து, பசுக்கள் தாமாகச் சுரந்த பாலைக் குடம் குடமாக ஊற்றுகிறான். ஊரார் தகப்பனிடம் போய்ப் பாலை மண்ணில் ஊற்றுகிறான் என்று சொல்கிறார்கள். தகப்பன் மரத்தில் ஏறி ஒளிந்து பார்க்கிறான். இறங்கி வந்து கோலால் அடிக்கிறான். பையனுக்கு அடி உறைக்கவில்லை, பூசையில் இருக்கிறான். தகப்பனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. பால்குடத்தைக் காலால் உதைக்கிறான். பையன் பக்கத்தில் கிடந்த கோலை எடுக்கிறான், அது மழுவாகிறது, உதைத்த கால்கள் இரண்டும் தரையில் கிடக்கின்றன. சிவன் வந்து, இனி உனக்கு நானே தந்தை என்று சொல்லித் தன் சடையிலிருந்த கொன்றை மாலையை எடுத்துச் சூட்டுகிறார்.

என் ஆய்வேடு இந்தச் சிற்பத்தைப் பற்றியதுதான். எல்லாரும் மாலையைப் பார்த்தார்கள், மழுவைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான், தகப்பன் எங்கே என்று கேட்டேன். மறுபடி பாருங்கள். இல்லை அல்லவா? சில ஊர்களில் கதையை வரிசையாகச் செதுக்கும்போது ஓரத்தில் அவனையும் கிடத்தியிருப்பார்கள். ஆனால் இந்த அருள்காட்சிக்குள் அவனுக்கு இடமில்லை. கல் கிடைக்கவில்லையா? இடம் போதவில்லையா? இல்லை. ஒருவன் நெஞ்சு நிறைந்து செய்வதைக் காலால் உதைக்கிறவன் கல்லில் நிற்கத் தகுதியற்றவன். அந்தச் சிற்பி ஓர் உளி அடிகூட அவனுக்காகச் செலவிடவில்லை. என் வாய்மொழித் தேர்வில் இதைச் சொன்னபோது, புறத்தேர்வாளர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதில் பொருள் இருந்தது.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். அந்தப் பையன் நான்தான்.

என் அப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை. ‘பொட்டப் புள்ளைக்கு ஒடஞ்ச செலையப் பாக்குறதுக்கு ஒரு படிப்பாடி?’ என்றார். நான் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்த சிற்பப் படங்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் நெல் அவிக்கும் அடுப்பில் போட்டார். உமி அடுப்பு. மளமளவென்று பிடிக்கும். நான் அழவில்லை. அன்றே கிளம்பினேன். அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. படுத்த படுக்கையானபோது ஆள் அனுப்பினார். நான் வகுப்பில் இருந்தேன். வகுப்பை முடித்துவிட்டு வந்து அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தேன், பேருந்துக்கு வழி சொன்னேன், அனுப்பிவிட்டேன். ‘கடேசியா ஒரு தடவ மொகத்தக் காட்டிட்டு வந்துடு தாயி’ என்று அழுதான். எந்த முகத்தை? அடுப்பில் போட்ட முகங்களில் எதை? அப்படியே கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. ஆலையில் மூட்டை தூக்குகிறவன்.

ஐயா, விளக்கை அங்கே வைக்காதீர்கள்! கல் கருத்துப் போகிறது. தட்டில் வையுங்கள். முறைக்காதீர்கள், வையுங்கள்.

எங்கே விட்டேன்? என் மகள். நான் பட்டதை அவள் படக் கூடாது என்றே வளர்த்தேன். அவள் எழுதிய பக்கத்தை நான் எரித்ததில்லை, திருத்தினேன். சிவப்பு மையில் திருத்தினேன். ஐந்து வயதில் அவள் வரைந்த முருகனுக்கு மயில் வலப்புறம் பார்க்க வேண்டுமா இடப்புறமா என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் வரையவில்லை. எழுத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்தேன். என்னைப்போலவே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். தலைப்பும் நான்தான் கொடுத்தேன்: கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள். அங்கேதான் தவறு செய்துவிட்டேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தலைப்பில் தவறில்லை. அது நல்ல தலைப்பு. களப்பணிக்குப் போன இடத்தில் சாரத்தின் மேல் ஒருவன் நின்று துவாரபாலகருக்கு நீல வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்து, ‘மேல வர்றீங்களா மேடம்? பயமா இருந்தா சாமியப் புடிச்சுக்குங்க’ என்றானாம். இவள் சிரித்துவிட்டாள். ஆய்வு முடிந்தது. ஓர் இயல்தான் பாக்கி, ஓர் இயல்! விட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் வினோத். சிற்பம் செய்கிறவனுக்கு வினோத். நான் சாதி பார்க்கிறவள் அல்லள். மேடைகளில் பேசியிருக்கிறேன். நான் கேட்டது கல்வியை மட்டும்தான். பன்னிரண்டாம் வகுப்பு. அதிலும் கணக்கில் போய்விட்டது. எதற்கெடுத்தாலும் சிரிப்பான். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது என் கூடத்து நடராசரைப் பார்த்துவிட்டு, ‘அத்தே, சூப்பரா இருக்கு’ என்றான். சூப்பர்! காலடியில் கிடக்கும் முயலகன் எதன் குறியீடு தெரியுமா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். அறியாமையின் குறியீடு என்று சொல்லி அவனையே பார்த்தேன். அதற்கும் சிரித்தான். ‘அப்ப நான் சாமி காலுக்குப் பக்கத்துல இருக்கேன், நல்ல எடந்தான் அத்தே’ என்றான். இவளும் சேர்ந்து சிரித்தாள். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

ஆனால் நான் விலக்கவில்லை. வந்தார்கள், போனார்கள். இவள் உண்டானாள். அப்போதுதான் அந்தக் குடமுழுக்கு வந்தது.

இங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊர். சிவன் கோயில். திருப்பணிக் குழுவினர் என்னை அழைத்தார்கள்: டாக்டரம்மா ஒருமுறை வந்து வேலையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போனேன். வேலை செய்வது வினோத் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தெரிந்தால் என்ன? தவறுக்கு உறவு உண்டா?

மண்டபச் சுவரில் இதே காட்சியைச் சுண்ணாம்புச் சுதையில் செய்துகொண்டிருந்தான். என் சிற்பத்தை! நான் என் வாழ்நாளைக் கொடுத்த சிற்பத்தை! என்னைக் கண்டதும் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். ‘அத்தே, ஒங்களுக்காகத்தான் இதையே செய்யறேன்னு கேட்டு வாங்குனேன். அம்மன நல்லாப் பாருங்க அத்தே’ என்றான். பார்த்தேன். சிவன் பரவாயில்லை. பையன் பரவாயில்லை. உமை இருக்கிறாளே, உமை! மூக்கு நுனியில் கீழே வளைந்து நிற்கிறது. கிளிமூக்கு என்றால்கூடப் பொறுக்கலாம், இது கழுகு. புருவத்துக்கு நடுவே இரண்டு கோடு. மேலுதட்டை இறுக்கி வைத்திருக்கிறாள், யாரோ பிழையாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல. உலகத்தை ஈன்றவளுக்கு அமைய வேண்டிய முகமா அது? வாடகைப் பாக்கி கேட்க வந்த கிழவி மாதிரி இருக்கிறாள் என்றேன். குழுத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். வினோத் ஒருவன்தான் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

‘இதை இடித்துவிடுங்கள்’ என்றேன்.

‘அத்தே, ஒரு நிமிஷம்’ என்று முன்னால் வந்தான். ‘தனியாப் பேசலாம் அத்தே. மொகத்த மட்டும் மாத்திடறேன். எல்லார் முன்னாலயும் வேணாம்.’ ஏன் வேண்டாம்? எல்லார் முன்னாலும் செய்த பிழையை எல்லார் முன்னாலும்தான் திருத்த வேண்டும். வகுப்பில் நான் அப்படித்தான். என் வழியை மறித்துக்கொண்டு நின்றான். அவன் காலடியில் சுண்ணாம்புக் குழம்பு ஒரு வாளி நிறைய இருந்தது. உதைத்தேன். கால் இடறிவிட்டது என்று என் மகள் பிறகு யார் யாரிடமோ சொன்னாளாம், எனக்காகப் பெருந்தன்மையாக. எனக்கு எவருடைய பெருந்தன்மையும் வேண்டாம். இடறவில்லை. உதைத்தேன். மண்டபத் தரையெல்லாம் வெள்ளைவெளேரென்று ஓடியது.

என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். அந்தத் தகப்பனும் இதைத்தானே செய்தான் என்றா?

ஏனம்மா, நீங்கள் படித்தவர்தானே? அது பால்குடம். இது பிளாஸ்டிக் வாளி. அது பூசை. இது கூலி வேலை. ஒப்பிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இதனால்தான் பாதிக் கதையில் குறுக்கே பேசக் கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்வேன். உட்காருங்கள்.

கொத்தனார் உளியும் சுத்தியுமாக ஏறினார். முகத்திலிருந்துதான் தொடங்கினார். சுதை இன்னும் முழுக்க இறுகவில்லை; பத்தை பத்தையாக விழுந்தது. அப்போதுதான் இசைஞானி சோற்றுத் தூக்கோடு வந்தாள். வயிறு நன்றாகத் தெரியும் மாதம். சுவரைப் பார்த்தாள். கீழே கிடந்ததைப் பார்த்தாள். தூக்கை வைத்துவிட்டுக் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். பாதி மூக்கும் ஒரு கன்னமும் இருந்தன அதில். என்னிடம் நீட்டினாள்.

‘இது யாருன்னு தெரியலயாம்மா?’

‘யாராக இருந்தாலும் உமை இல்லை’ என்றேன்.

‘நீதாம்மா. அது நீ. ஒன் போட்டோவ செல்லுல வச்சுக்கிட்டு, ராவும் பகலும் ஒக்காந்து செஞ்சாரு. அத்தைக்கு என்னப் பிடிக்காது, இதப் பாத்தாப் பிடிச்சுடும்னு சொல்லிச் சொல்லிச் செஞ்சாரு.’

குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். சட்டென்று இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

நீங்களே சொல்லுங்கள். பக்கவாட்டில் திரும்புகிறேன், நன்றாகப் பாருங்கள். என் மூக்கு அப்படியா இருக்கிறது? கழுகு மாதிரியா? சொல்லுங்கள். ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? ஒரு மூக்கைப் பற்றிச் சொல்ல இவ்வளவு யோசனையா? சரி, விடுங்கள். உங்களுக்குச் சிற்ப இலக்கணம் தெரியாது.

அப்படியே என் முகம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அது பிழை இல்லையா? தெய்வத்துக்கு மனித முகம் வைக்கலாமா? உருவமைதி என்று ஒன்று இருக்கிறதே. அதையும் அங்கேயே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் கை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையை அவன்தான் பிடித்து இறக்கினான். ‘இனிமே ஒன் காலு என் வாசப்படியில படக் கூடாது’ என்றாள். ‘எம் பிள்ளை பொறந்தாலும் சரி, நான் செத்தாலும் சரி. ஒன் காலு படக் கூடாது.’ பெற்ற தாயிடம், ஊரார் முன்னால், தெருச்சண்டைக்காரி மாதிரி. எவ்வளவு கொடூரம் பார்த்தீர்களா! நான் என்ன செய்தேன் அவளை?

அதற்குப் பிறகு அவனை எந்தக் கோயிலுக்கும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். சொந்த மாமியாரே இடிக்கச் சொன்ன கை என்று பேச்சுப் பரவிவிட்டது. நான் பரப்பவில்லை. கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னேன், அவ்வளவே. இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ பொழுதுபோக்குப் பூங்காவில் சிமெண்டில் டைனோசர் செய்கிறானாம். பொருத்தமான வேலை. டைனோசருக்கு இலக்கணம் கேட்டு யார் வரப்போகிறார்கள்?

குழந்தை பிறந்த அன்று மருத்துவமனையிலிருந்து அவன்தான் தொலைபேசியில் கூப்பிட்டான். ‘அத்தே, பொண்ணு பொறந்திருக்கா. இசைக்குத் தெரியாமப் பேசுறேன். வாங்க அத்தே, வந்தா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா’ என்றான். முகம் எப்படி, நீ செய்த உமை மாதிரியா என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவனுக்குத்தான் எல்லாமே வேடிக்கை ஆயிற்றே! போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மறுநாளும் வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. அவ்வளவுதான் அவன் பாசம்.

போன வாரம் திடீரென்று இவள் கூப்பிட்டாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாட்டி வருகிறார்களாம். எனக்குப் பாட்டி இல்லையா என்று கேட்டு அழுகிறதாம். ‘அவளுக்காகத்தான் வர்றேன். ஒனக்காக இல்ல’ என்றாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு அடக்கம்!

வருகிறாள். அதோ, தெற்குப் பிரகாரம் திரும்பி வருகிறாளே, அவள்தான். இளைத்துவிட்டாள். குழந்தை நடந்து வருகிறது பாருங்கள். கையில் எதையோ துணியில் சுற்றிப் பிடித்திருக்கிறது. என் புடவை மடிப்பு சரியாக இருக்கிறதா? எழுந்து போகாதீர்கள். இங்கேயே உட்காருங்கள், அந்நியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவள் சத்தம் போட மாட்டாள். போகாதீர்கள் அம்மா.

*

பார்த்தீர்கள் அல்லவா? முதலிலிருந்து கடைசிவரை இங்கேதானே இருந்தீர்கள்? நீங்களே சாட்சி.

நான் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினேனா?

வந்ததும் குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ‘பாட்டி மூக்கு என் மூக்கு மாதிரி இருக்கும்மா’ என்றது. குழந்தை, ஏதோ உளறியது. அதைக்கூட நான் திருத்தவில்லை. இசைஞானி உடனே எழுந்துவிடப் போகிறவள்போலப் படியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ‘நல்லா இருக்கியாம்மா?’ என்றாள். இருக்கிறேன் என்றேன். பட்டுப்பாவாடையை எடுத்துக் குழந்தையின் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அளந்து தைத்ததுபோல! நீங்களும் பார்த்தீர்கள். குழந்தை ஒரு சுற்றுச் சுற்றியது. இசைஞானிகூட லேசாகச் சிரித்தாள். சிரித்தாளா இல்லையா?

பிறகுதான் குழந்தை அந்தத் துணியைப் பிரித்தது. கைக்குள் அடங்கும் களிமண் பிள்ளையார். ‘பாட்டி, இது நானே செஞ்சேன். ஒனக்கு. பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன்.’

இசைஞானி என் காதருகே குனிந்தாள். அவள் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. ‘நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்’ என்றாள்.

சொன்னேன். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். உங்களுக்குக் கேட்டதல்லவா? தொந்தி நன்றாக வந்திருந்தது. காது சரி. ஆனால் கொம்பு இரண்டும் முழுதாக இருந்தன. இரண்டு கொம்பு! பிள்ளையாருக்கு! அவர் ஏகதந்தர், ஒற்றைக் கொம்பர். எழுத்தாணி வேண்டும் என்று தன் கொம்பைத் தானே ஒடித்துக்கொண்டவர். அந்த ஒடிந்த கொம்பில்தான் அவருடைய பெருமை எல்லாம் இருக்கிறது. ஏன் கண்ணே இரண்டையும் வைத்தாய் என்று அன்பாகத்தான் கேட்டேன்.

‘ஒடைச்சா அதுக்கு வலிக்கும்ல பாட்டி’ என்றது.

என்ன அழகான மழலை! அதற்காகப் பிழையைப் பிழை இல்லை என்று விட்டுவிட முடியுமா? மூன்றரை வயதில் தவறாகப் பதிந்துவிட்டால் பிறகு எந்த வயதில் மாற்றுவது? வாங்கி, இப்படி, இரண்டு விரலால் ஒரு கொம்பை ஒடித்தேன். மெதுவாகத்தான். காய்ந்த களிமண், டக்கென்று வந்துவிட்டது. இப்போது சரி, இப்போதுதான் இவர் பிள்ளையார் என்று திருப்பிக் கொடுத்தேன்.

அது உடனே அழவில்லை, கவனித்தீர்களா? கீழே விழுந்த துண்டை எடுத்து, நாக்கில் எச்சில் தொட்டு, ஒட்டவைத்துப் பார்த்தது. ஒட்டவில்லை. மறுபடி வைத்தது. மறுபடி விழுந்தது. அப்புறம் என் கையைப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும். அப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்துபோய்த் தாயின் புடவைக்குள் புகுந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் அந்த அழுகை. அர்ச்சனை வரிசையே திரும்பிப் பார்த்தது.

இசைஞானி சத்தம் போடவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தத் துண்டையும் பிள்ளையாரையும் கைக்குட்டையில் முடிந்தாள். பாவாடையை மடித்து என் பக்கத்தில் வைத்தாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ‘அவரு வெளியில நிக்கிறாரும்மா. ஒனக்குப் பிடிக்கும்னு சாத்துக்குடி வாங்கிட்டு வந்து வெயில்ல நிக்கிறாரு. கொஞ்ச நேரம் ஆகட்டும், நீ நல்லாப் பேசினா உள்ள கூப்பிடலாம்னு இருந்தேன்’ என்றாள். கோபமே இல்லை குரலில். பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். போய்விட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? நிபந்தனை என்ன? அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினேனா? நான் பேசியது பிள்ளையாரைப் பற்றி. பிள்ளையாரைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவள் சொல்லவே இல்லையே! இன்னும் கொடிமரத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்க முடியாது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. விடியற்காலையிலிருந்து கல்லில் உட்கார்ந்து கால் இரண்டும் மரத்துப் போய்விட்டன. ஊன்றினால் தரை தெரியவில்லை.

நீங்கள் ஓடுங்கள் அம்மா. உங்கள் கணவர் வந்தால் நான் சொல்லிக்கொள்கிறேன். ஓடிப்போய் அவளை நிறுத்துங்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன், உங்கள் அம்மா அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று சொல்லுங்கள். குழந்தையை ஒரே ஒரு தடவை திருப்பி என் பக்கம் காட்டச் சொல்லுங்கள், இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பாவாடையையும் கொடுத்துவிடுங்கள். போங்கள், வாசல் தாண்டிவிடப் போகிறாள்.

கொஞ்சம் இருங்கள். கொம்பு ஒடிந்திருப்பதுதான் சரி என்பதையும் அவளிடம் சொல்ல வேண்டும். முதலில் அதைச் சொல்லுங்கள்.